‘மஸ்கிட்டோ’ என்றால் ‘சின்ன ஈ’: ஓர் ஆங்கிலப் பெயரின் கதையும் பெங்களூரு கன்டோன்மென்ட்டும்

பெங்களூரு: ரிச்சர்ட்ஸ் டவுனில் கொசுவுக்குக் குறைந்தது நான்கு பெயர்கள் உண்டு. தமிழ் பேசுவோருக்கு அது கொசு. கன்னடத்தில் சொள்ளெ. தக்கனி உருது பேசுவோரிடம் மச்சர். ஆங்கிலத்தில் மஸ்கிட்டோ. இந்த நான்கில் உலகெங்கும் புழங்குவது கடைசிப் பெயரே. ஆனால் அது பிறப்பால் ஆங்கிலச் சொல் அன்று. அதன் பொருள் ‘சின்ன ஈ’ என்பதும் பலர் அறியாத செய்தி.

பெயரின் பொருளை அறிவதால் என்ன பயன் என்ற கேள்வி எழலாம். கொசுவைப் பொறுத்தவரை, பெயர்கள் மனிதரைப் பலமுறை தவறான திசையில் அனுப்பியிருக்கின்றன. நோய்க்கு இட்ட பெயர் ஒரு படையையே இடம்பெயரச் செய்த சிந்தனையைத் தாங்கி நின்றது. பூச்சியின் சரியான பெயர் தெரியாததால் ஒரு மருத்துவரின் ஆய்வு ஈராண்டு தடுமாறியது. இவ்விரு நிகழ்வுகளிலும் ரிச்சர்ட்ஸ் டவுன் அமைந்துள்ள பழைய பெங்களூரு கன்டோன்மென்ட்டுக்கு இடம் உண்டு. கர்நாடக அரசு 2024 செப்டம்பரில் டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்த பின்னணியில், அந்தக் கதை இன்றைக்கும் பொருந்துகிறது.

ஸ்பானியக் கப்பல்களில் வந்த சொல்

ஸ்பானிய மொழியில் ‘மொஸ்கா’ என்றால் ஈ. அதனுடன் சிறுமையை உணர்த்தும் ‘இத்தோ’ என்ற விகுதி சேர்ந்து ‘மொஸ்கித்தோ’ ஆயிற்று. மொஸ்காவின் தாய்ச்சொல் இலத்தீன் மொழியின் ‘முஸ்கா’. அமெரிக்கக் கண்டங்களின் வெப்பக் கரைகளில் ஸ்பானியரும் ஆங்கிலேயரும் எதிரெதிராகக் கப்பல் செலுத்திய 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பயணக் குறிப்புகள் வழியாக இச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

அதற்கு முன் ஆங்கிலேயரிடம் இப்பூச்சிக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ‘நாட்’, ‘மிட்ஜ்’ என்னும் இரண்டும் பழைய ஆங்கிலத்திலிருந்தே வழங்கி வருபவை. மத்தேயு நற்செய்தியின் 23-ஆம் அதிகாரத்தில், சிறு பூச்சியை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குவோர் பற்றிய உவமையில் 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் ‘நாட்’ என்றே எழுதுகிறது. தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் நிற்கும் சொல் கொசு. வெப்ப நாடுகளின் கொடிய கடியையும் காய்ச்சலையும் அனுபவித்த மாலுமிகளே புதுப்பெயரை ஊருக்குக் கொண்டு சென்றனர். காலப்போக்கில் ‘நாட்’ என்பது பொதுவாகச் சிறு பறக்கும் பூச்சிகளுக்கும், ‘மஸ்கிட்டோ’ என்பது இரத்தம் குடிக்கும் கொசுவுக்கும் உரியவையாகப் பிரிந்தன.

‘மிட்ஜ்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லும் இலத்தீன் ‘முஸ்கா’வும் தொலைதூர உறவினர் எனச் சொற்பிறப்பியல் அறிஞர்கள் கருதுகின்றனர். பூச்சியின் ரீங்காரத்தைப் போலச் செய்யும் ஒலியிலிருந்து இவ்வேர் தோன்றியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அவ்வாறெனில், ஆங்கிலம் தன் வீட்டில் இருந்த சொல்லின் உறவுக்காரரையே அயலிலிருந்து அழைத்துக்கொண்டது எனலாம்.

சொல் பிறந்த ஸ்பானிய உலகிலும் அது எங்கும் ஒரே நிலையில் இல்லை. இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் கொசுவின் அன்றாடப் பெயர், ‘நீண்ட கால்களை உடையது’ என்று பொருள்படும் வேறொரு சொல்.

தமிழிலும் அதே வழி

ஈயும் கொசுவும் ஒரே சொல்லடியில் இணைவது ஐரோப்பிய மொழிகளுக்கு மட்டும் உரியதன்று. இலங்கைத் தமிழர் கொசுவை நுளம்பு என்பர். கன்னடத்தில் ஈயின் பெயர் ‘நொண’. திராவிட மொழிகளின் சொற்பிறப்பை ஆராய்ந்தோர் இவ்விரு சொற்களையும் ஒரே தொகுதியில் வைத்துள்ளனர். ஆக, யாழ்ப்பாணத்தில் கொசுவாகப் பறப்பது பெங்களூரில் ஈயாகப் பறக்கிறது.

தமிழகத்தில் வழங்கும் கொசு என்ற சொல்லுக்குக் கொதுகு என்ற பழைய வடிவம் உண்டு. மலையாளிகள் இன்றும் கொதுகு என்றே சொல்கின்றனர்.

ஸ்பானியர் இட்ட பெயர் அறிவியல் நோக்கிலும் பிழையானதன்று. கொசு உண்மையில் ஈ இனத்தைச் சேர்ந்ததே. பெரும்பாலான பூச்சிகளுக்கு நான்கு சிறகுகள். ஈக்கும் கொசுவுக்கும் இரண்டே. இரண்டாம் இணைச் சிறகுகள் சுருங்கி, பறக்கும்போது சமநிலை காக்கும் சிறு உறுப்புகளாக மாறிவிட்டன. அதனால் உயிரியலாளர் இவ்விரண்டையும் ‘டிப்டெரா’, அதாவது இருசிறகிகள் என்ற ஒரே வரிசையில் வைக்கின்றனர். வகைப்பாட்டு அறிவியல் தோன்றும் முன்னரே மக்கள் வழக்கு அந்த உறவைக் கண்டுகொண்டது.

துப்பாக்கியும் மரநிழலும்

‘மொஸ்கா’ என்ற வேர் கொசுவோடு நிற்கவில்லை. இத்தாலிய மொழியில் அதிலிருந்து ‘மொஸ்கெத்தோ’ என்ற சொல் பிறந்தது. சிறு வல்லூறு ஒன்றுக்கும், வில்பொறியிலிருந்து பறக்கும் அம்புக்கும் வழங்கிய அப்பெயர் பின்னர் தோள்துப்பாக்கிக்கு ஏறியது. ஆங்கிலத்தில் அது ‘மஸ்கெட்’. பெங்களூரு கன்டோன்மென்ட்டில் கால்வைத்த சென்னை இராணுவச் சிப்பாய்கள் ஏந்திய ஆயுதத்தின் பெயரும், இரவில் அவர்களைத் தூங்கவிடாத பூச்சியின் பெயரும் ஒரே ஈயிலிருந்து பிறந்தவை.

கிரேக்க மொழியில் கொசுவுக்கு ‘கோனோப்ஸ்’ என்று பெயர். கொசுத்திரை கட்டிய படுக்கையைக் கிரேக்கர் ‘கோனோபெயோன்’ என்றனர். இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் வந்த அச்சொல் ‘கேனோபி’ ஆகி, முதலில் கட்டிலின் மேல்விதானத்தையும் பின்னர் எந்த மேற்கூரையையும் குறித்தது. பெங்களூரின் தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேலே கைகோத்து அமைக்கும் பசுங்கூரையை இன்று ஆங்கில நாளிதழ்கள் ‘கேனோபி’ என்றே எழுதுகின்றன. மரம் வெட்டுவதற்கு எதிரான போராட்டங்களில் ஒலிக்கும் அந்தச் சொல்லின் அடியில் ஒரு கொசுவலை இருக்கிறது.

பெயர் ஒற்றுமை எல்லாமே உறவாகிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. நிகரகுவா, ஹோண்டுராஸ் நாடுகளின் கரையோரம் ஆங்கிலத்தில் ‘மஸ்கிட்டோ கரை’ எனப்படுகிறது. அது அங்கு வாழும் மிஸ்கிட்டோ பழங்குடியினரின் பெயரால் அமைந்தது, கொசுவால் அன்று.

‘கெட்ட காற்று’க்கு அஞ்சிய படை

பூச்சியின் பெயர் சரியாக அமைந்தபோதும், அது பரப்பிய நோயின் பெயர் பிழையாக அமைந்தது. இத்தாலிய மொழியில் ‘மாலா ஆரியா’ என்றால் கெட்ட காற்று. சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக் காற்றே காய்ச்சலை உண்டாக்குகிறது என்ற நம்பிக்கையிலிருந்து ‘மலேரியா’ என்ற பெயர் பிறந்து, 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

அந்த நம்பிக்கைக்கும் பெங்களூரு கன்டோன்மென்ட்டுக்கும் தொடர்பு உண்டு. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. காவிரி சூழ்ந்த அந்தத் தீவில் வீரர்கள் காய்ச்சலால் தொடர்ந்து மடிந்தனர். இடம் ஆரோக்கியமற்றது என முடிவு செய்த ஆட்சியாளர்கள், மேட்டு நிலமும் குளிர்ந்த காற்றும் கொண்ட பெங்களூருக்குப் படையை மாற்றினர். 1809-இல் அல்சூர் ஏரியை ஒட்டிய பகுதியில் கன்டோன்மென்ட் உருவாயிற்று.

படையோடு தமிழ்ச் சிப்பாய்களும், வணிகர்களும், தச்சர், கொத்தர், சலவைத் தொழிலாளர் குடும்பங்களும் வந்து சேர்ந்தனர். பெங்களூரின் இப்பகுதியில் தமிழ் வேரூன்றியதற்கு அதுவே தொடக்கம். 1898-ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின், நெரிசலைக் குறைக்கும் நோக்கில் நகரில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. பிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் போன்றவை அந்த விரிவாக்கக் காலத்தின் வரவுகள். 1947-இல் மைசூர் அரசிடம் ஒப்படைக்கப்படும் வரை, ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் இப்பகுதி முழுதும் ஆங்கிலேய நிர்வாகத்தில் இருந்தது.

நல்ல காற்றைத் தேடி வந்தவர்கள், தாங்கள் விட்டு ஓடியது காற்றை அல்ல, கொசுவை என்பதை அறிய ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

தொட்டியைக் கவிழ்த்த மருத்துவர்

அந்த உண்மையை நிறுவிய ரொனால்ட் ராஸ், 1857-இல் அல்மோராவில் பிறந்து, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். 1883-இல் அவர் பெங்களூரில் இராணுவ மருத்துவராகப் பணியமர்த்தப்பட்டார். தங்கியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை மிகுதியாக இருந்தது. சன்னலுக்கு வெளியே கிடந்த ஒரு தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதை அவர் கண்டார். தொட்டியைக் கவிழ்த்ததும் அறையில் கொசு குறைந்தது.

பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அவர் இதைப் பதிவு செய்துள்ளார். அதிகாரிகளின் உணவுக் கூடத்திலும் இதே முறையைக் கையாளலாம் என்று அவர் கூறியபோது, அங்கிருந்த இராணுவ அதிகாரி ஏளனம் செய்து மறுத்துவிட்டார். தோட்டத் தொட்டிகளிலும், உணவு மேசையின் அடியில் வைத்த தகரக் குவளைகளிலும், மலர்க்குவளைகளிலும்கூடக் கொசுப்புழு இருந்தது. ஆனால் கொசுவும் ஏதோ ஒரு நோக்கத்துக்காகப் படைக்கப்பட்டது என்றும், அதைப் பொறுத்துக்கொள்வதே கடமை என்றும் அந்த அதிகாரி கருதினார்.

கொசு நோய் பரப்பும் என்பது அப்போது ராஸுக்கே தெரியாது. தொல்லையைக் குறைக்கவே அவர் முயன்றார். எனினும் இன்றைய கொசு ஒழிப்பின் அடிப்படை விதி அன்றே அவர் கையில் இருந்தது: பறக்கும் பூச்சியைத் துரத்துவதைவிட, அது பிறக்கும் நீரை அகற்றுவது எளிது.

பெயரில்லாப் பூச்சியைத் தேடி

1894-இல் லண்டனில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர், மலேரியாவைக் கொசு பரப்பக்கூடும் என்ற கருத்தை ராஸிடம் விளக்கினார். 1895-இல் இந்தியா திரும்பிய ராஸ் ஆய்வைத் தொடங்கினார். அதே ஆண்டு காலரா தடுப்புப் பணிக்காக அவர் மீண்டும் பெங்களூருக்கு அனுப்பப்பட்டார்.

அவரது பெரிய இடர்ப்பாடு பெயர்தான். கொசுக்களை வகைப்படுத்திக் காட்டும் நூல் எதுவும் அவர் கையில் இல்லை. நிறத்தையும் கோலத்தையும் வைத்துச் சாம்பல்நிறக் கொசு, வரிக்கொசு, புள்ளிச்சிறகுக் கொசு எனத் தாமே பெயரிட்டுக்கொண்டார். எளிதில் கிடைத்த முதலிரு வகைகளையே நெடுநாள் ஆராய்ந்தார். மலேரியா நோயாளியின் இரத்தத்தை அவை குடித்தபின் ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். எதுவும் புலப்படவில்லை. அவை மனித மலேரியாவைப் பரப்பாத இனங்கள் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

நீலகிரியில் உதகைக்கு அருகே உள்ள சீகூர் மலைப்பாதைப் பகுதிக்குச் சென்றபோது, சுவரில் வேறுவிதமாக அமர்ந்திருந்த ஒரு புள்ளிச்சிறகுக் கொசு அவர் கவனத்தை ஈர்த்தது. பின்னர் செகந்திராபாத்துக்கு மாற்றப்பட்ட அவர், 1897 ஆகஸ்ட் 20 அன்று, அத்தகைய கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அந்த நாளே இன்று உலகக் கொசு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1902-இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

‘பயனற்றது’ எனப்பட்ட கொசு

ராஸ் பெயர் அறியாத அந்தப் பூச்சிக்கு அறிவியல் உலகில் ஏற்கெனவே பெயர் இருந்தது. 1818-இல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் யோகான் வில்ஹெல்ம் மெய்கன் அந்தப் பேரினத்துக்கு ‘அனோபிலிஸ்’ எனப் பெயரிட்டிருந்தார். கிரேக்க மொழியில் அதன் பொருள் ‘பயனற்றது’. மனித மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் கொசுவே என்பதை 1898-இல் ஜொவான்னி பத்திஸ்தா கிராசி தலைமையிலான இத்தாலிய ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினர். 80 ஆண்டுகளாகப் பயனற்றதென்று ஒதுங்கியிருந்த ஒரு பெயர், மருத்துவ வரலாற்றின் மையத்துக்கு வந்தது.

அதே 1818-இல் மெய்கன் இட்ட மற்றொரு பெயர் ‘ஏடிஸ்’. கிரேக்க மொழியில் ‘வெறுக்கத்தக்கது’ என்பது பொருள். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றின் வைரஸ்களைச் சுமக்கும் கொசுக்கள் இப்பேரினத்தைச் சேர்ந்தவை. மூன்றாவது பேரினமான ‘கியூலெக்ஸ்’ என்ற பெயரை 1758-இல் கார்ல் லின்னேயஸ் வழங்கினார். இலத்தீனில் அதன் பொருள் வெறுமனே ‘கொசு’.

ஒரு பெயருக்குள் மூன்று எதிரிகள்

உலகில் 3,500-க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் உள்ளன. கடிப்பவை பெண் கொசுக்கள் மட்டுமே. முட்டை உருவாக அவற்றுக்கு இரத்தம் தேவை. ‘மஸ்கிட்டோ’ ஆனாலும் ‘கொசு’ ஆனாலும் ‘சொள்ளெ’ ஆனாலும், அன்றாடப் பெயர் இவை அனைத்தையும் ஒன்றாகவே காட்டுகிறது. நகரவாசிக்கு இதில்தான் ஆபத்து.

கியூலெக்ஸ் கொசு சாக்கடை போன்ற அழுக்கு நீரில் பெருகி, இரவில் கடிக்கும். யானைக்கால் நோயைப் பரப்புவது இதன் ஓர் இனமே. காதருகே ரீங்கரித்துத் தூக்கத்தைக் கெடுப்பதும் பெரும்பாலும் இதுவே.

நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் ‘அனோபிலிஸ் ஸ்டீபன்சி’ கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் உள்ள தெளிந்த நீரில் முட்டையிடும். அந்தி முதல் விடியல் வரை கடிக்கும்.

டெங்குவைப் பரப்பும் ‘ஏடிஸ் எஜிப்டி’யோ பகலில் கடிக்கும். காலையிலும், மாலை மயங்குவதற்கு முந்தைய நேரத்திலும் அதன் வேகம் மிகுதி. உடலிலும் கால்களிலும் வெள்ளை வரிகள் கொண்ட இது சாக்கடையை நாடுவதில்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றிலும் தேங்கும் நல்ல நீரே இதன் தொட்டில். ராஸ் ‘வரிக்கொசு’ என்று குறித்த வகை இதன் இனத்தைச் சேர்ந்தது. அவர் தேடிய நோய்க்கு அது தொடர்பற்றது. இன்றைய பெங்களூரு அஞ்சும் நோய்க்கு அதுவே காரணம்.

இந்த வேறுபாட்டை அறியாவிட்டால் பாதுகாப்பு முழுமை பெறாது. அந்தி சாய்ந்ததும் சன்னலை அடைப்பது கியூலெக்ஸைத் தடுக்கும். பகலில் கடிக்கும் ஏடிஸைத் தடுக்காது. சாக்கடைக்கு மருந்து தெளித்தால் இரவுக் கொசு குறையும். பூந்தொட்டியின் அடித்தட்டில் வளரும் டெங்குக் கொசு குறையாது. தெருவில் அடிக்கும் புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். நீரில் நெளியும் புழுவையும் ஒட்டியிருக்கும் முட்டையையும் தொடாது.

அபராதமும் அன்றாடக் கடமையும்

டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்த கர்நாடக அரசு, கொசு உற்பத்திக்கு இடமளிப்போருக்கு அபராதமும் விதித்தது. நகர்ப்புற வீடுகளுக்கு ரூ.400 என்றும், நகர்ப்புறக் கட்டுமானத் தளங்கள், கவனிப்பாரற்ற காலி மனைகளுக்கு ரூ.2,000 என்றும் தொகை நிர்ணயிக்கப்பட்டது. 1883-இல் ஓர் அதிகாரி ஏளனத்தோடு மறுத்த செயலை 2024-இல் அரசே சட்டத்தின் துணையோடு கேட்டது.

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய வெப்பமான காலத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். எனவே வாரம் ஒருமுறை நீரை வெளியேற்றினால் அந்தச் சுழற்சி அறுபடும். நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டப்படும் முட்டைகள், உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவது இன்றியமையாதது.

தண்ணீர்த் தட்டுப்பாட்டால் டிரம்களிலும், ‘சம்ப்’ எனப்படும் நிலத்தடித் தொட்டிகளிலும் நீரைச் சேமிக்கும் பெங்களூரு வீடுகளில் மூடியில் இடைவெளி இருத்தல் ஆகாது. பூந்தொட்டித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, ஏர் கூலர், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, எறும்பு ஏறாமல் இருக்க மேசைக் கால்களின் கீழ் வைக்கும் கிண்ணம் ஆகியவை கவனிக்க வேண்டிய இடங்கள். பகலில் உறங்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் பகலிலேயே கொசுவலை தேவை. ஏடிஸ் கொசு வழக்கமாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. எனவே ஒரு தெருவின் டெங்குக் கொசு பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே பிறந்தது.

திடீர்க் காய்ச்சல், கண்ணுக்குப் பின்புற வலி, கடும் உடல்வலி ஆகியவை டெங்குவின் அறிகுறிகள். காய்ச்சல் தணியும் நாள்களில் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறுகளில் இரத்தக் கசிவு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். மருத்துவர் ஆலோசனையின்றி ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை உட்கொள்வது இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும்.

‘சின்ன ஈ’ என்ற பெயர் பூச்சியின் உருவத்தைச் சரியாகச் சொன்னது. ஆபத்தின் அளவைச் சொல்லவில்லை. ‘கெட்ட காற்று’ என்ற பெயர் ஆபத்தை உணர்த்தியது. அதன் மூலத்தைத் தவறவிட்டது. இரண்டும் சொல்லாததைச் சொன்னது, கன்டோன்மென்ட் பங்களா ஒன்றின் சன்னலோரம் நின்ற தண்ணீர்த் தொட்டி.